தனியாக எடுத்து வைத்த குழம்பு

1

போன வாரம் ஜோன் என்ற அம்மா ரத்த அழுத்த மாத்திரைக்காக என் கிளினிக்குக்கு வந்தார். வட இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் பஞ்சாலைகளை நம்பிப் பிழைத்தது. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கிளம்பிப் பாதி உலகத்தைத் தாண்டி வந்து, மறுபடியும் ஒரு மில் ஊரிலேயே குடியேறியவள் நான். இங்கே மில்களை மூடிவிட்டார்கள். அவற்றில் நூல் ஓட்டியவர்கள் இப்போது என் நோயாளிகள். வாரத்தில் பாதி நாள் நான் குடும்ப டாக்டர், மீதி நாள் ஆராய்ச்சிக்காரி. புற்றுநோய் முற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே, சளிக்கும் காய்ச்சலுக்கும் வருகிற சாதாரணக் கிளினிக்கிலேயே அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி.

மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பதை ஜோனிடமும் கேட்டேன். வீட்டில் யாருக்காவது இப்போது சாப்பாட்டைத் தனியாகச் செய்கிறீர்களா?

ஜோன் சிரித்தார். கணவர் வயதாகி வயதாகிக் குழந்தை ஆகிவிட்டாராம். ரொட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறாராம். இறைச்சியை விட்டுவிட்டு சூப்புக்கு வந்துவிட்டாராம். எப்போதிருந்து என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே என்றார். நாளைக் காலை அவரைக் கூட்டி வாருங்கள் என்றேன். அவருக்கு ஒன்றுமில்லையே டாக்டர், உங்கள் நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்றார் ஜோன்.

இந்த 'ஒன்றுமில்லை'யை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பிறந்த மேட்டுப்பாளையத்தில் அதற்கு ஒரு 'ங்க' ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மறுநாள் மனிதரை உட்காரவைத்துப் பேசினேன். ஆமாம், ரொட்டி கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு அன்றே அனுப்பிவிட்டேன். நல்லதோ கெட்டதோ, சீக்கிரம் தெரிந்துவிடும். சீக்கிரம் தெரியவேண்டும் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

என்னோடு வேலை செய்யும் இளம் டாக்டர் ஒருவர், இந்தக் கேள்வி எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். புத்தகத்தில் இல்லை, என் அண்ணன் வீட்டு அடுப்பங்கரையில் இருந்தது என்றேன். அவர் ஜோக் என்று நினைத்துக்கொண்டார். ஊரில் இருக்கும் நீங்கள் அப்படி நினைக்கமாட்டீர்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

தொண்ணூறுகளின் நடுவில், வாய்ப் புற்றுநோய் பற்றிய ஒரு வேலைக்காக என்னை ஊருக்கு அனுப்பினார்கள். நானே கெஞ்சி வாங்கிக்கொண்ட வேலை. மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் உட்கார்ந்து, வேறு எதற்காகவோ வருகிறவர்களிடம் சில கேள்விகள் கேட்கவேண்டும். வாய்க்குள் பார்க்கவேண்டும். பாக்கும் புகையிலையும் போடுகிற ஊரில், வாய்ப் புண்ணோடு வருகிறவர்கள் பெரும்பாலும் எதுவும் செய்யமுடியாத கட்டத்தில் வருகிறார்கள். முன்னாலேயே பிடித்துவிட்டால் கத்தியோடு முடிகிற காரியம் அது. தெரிந்தும் விட்டுக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தைத்தான் விண்ணப்பத்தில் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

கேள்விகளைத் தமிழாக்கும் பொறுப்பை என்னிடம் விடவில்லை. நான் ஒருதலையாக எழுதிவிடுவேனாம். லண்டனில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் செய்து கொடுத்தது. முதல் கேள்வி: "தங்கள் வாய்க்குழியில் எரிச்சல் உணர்வு உள்ளதா?" வாய்க்குழி என்றால் என்னவென்று எனக்கே ஒரு நிமிடம் பிடிபடவில்லை. அதை 'வாய்' ஆக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

முதல் நாள் வந்தவர் பாக்கு மூட்டை தூக்குகிறவர்.

"ஏனுங்க, வாயில எரிச்சல் ஏதாச்சும் இருக்குங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எரிச்சலெல்லாம் எனக்கு ஆரு மேலயும் இல்லீங்க. எவனோ வேணும்னே சொல்லிப்போட்டானுங்க. நான் ஆரையும் ஒரு வார்த்தை பேசமாட்டனுங்க."

அடுத்து வந்த அம்மாவும் அப்படித்தான். மருமகள் மேல் தனக்கு எரிச்சலே கிடையாது என்று சத்தியம் செய்தார். பக்கத்தில் நின்ற மருமகள் என்னை நன்றியோடு பார்த்தாள். எங்கள் ஊரில் வாயில் எரிச்சல் என்றால் அது பேச்சில் வருவது. கொங்கு நாட்டுக்காரரிடம் போய் உனக்கு மரியாதை தெரியாதா என்று நாள் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

சரி, புண் இருக்கிறதா என்று மாற்றிக் கேட்டேன். "சூட்டுப் புண்ணுங்க, அதா ஆறிப்போகும்" என்றார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் டாக்டரம்மா முகத்துக்கு நேரே திறப்பதாவது என்று கையால் மறைத்துக்கொண்டு இத்தனூண்டு திறந்தார்கள். கடைசியில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஒண்ணுமில்லீங்க."

3

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அண்ணனுக்குப் பாக்கு மண்டி. மூட்டையில் கையை விட்டு ஒரு கொட்டையை எடுத்து வெட்டி, உள்ளே ரேகையைப் பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டுத்தான் தரம் சொல்லுவார். அவர் வாயில் போட்டுச் சொன்னால் அப்புறம் மறுபேச்சு கிடையாது. அந்தத் துண்டு நாள் முழுக்க இடது கன்னத்துக்குள் கிடக்கும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கன்னம் கொஞ்சம் உப்பலாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நங்கை கறிக்குழம்பு வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் அவள் மிளகாய் அரைக்கிற வாசம் தெருமுனைக்கே வரும். எனக்கு வரட்டிய கறியும் சிவந்த குழம்பும் ஊற்றினாள். அண்ணனுக்கு வேறொரு சின்னச் சட்டியிலிருந்து ஊற்றினாள். வெளுத்த குழம்பு.

"என்னங் நங்கை, அண்ணனுக்கு மட்டும் பத்தியமா?"

"பத்தியமெல்லாம் இல்லீங்க அம்மணி. உங்கண்ணனுக்குக் காரம் சேர்றதில்லைங்க. மொளகாய் போடறதுக்கு முன்னாலயே அவீங்களுக்கு ஒரு கரண்டி எடுத்து வெச்சுப்போடுவேன்."

"எப்பயிருந்துங்க?"

"போன மாரியம்மன் நோம்பிக்கு முன்னாலயிருந்தே இப்படித்தானுங்க. வயசாச்சில்லீங்."

அண்ணனுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எரிச்சல், புண் என்று இத்தனை நாளாக நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தது, இங்கே அடுப்போரத்தில் சின்னச் சட்டியாக உட்கார்ந்திருக்கிறது. வாயில் ஏதோ ஆகிறது என்பது அந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம். அவருக்குச் சோறு போடுகிறவளின் கை அதற்கு முன்பே மாறிவிடுகிறது. அவளும் அதை நோய் என்று நினைப்பதில்லை. பக்குவம் என்று நினைக்கிறாள்.

"அண்ணா, வாயைத் தொறங்க" என்றேன்.

"சோத்துக்கு முன்னால என்ன கண்ணு இது? ஒண்ணுமில்ல, உண்ணு."

சாப்பாடு முடிந்ததும் வாசல் வெளிச்சத்தில் நிற்கவைத்து டார்ச் அடித்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. அதன் நடுவில் சிவப்பு. டார்ச்சை அணைத்தேன். கோயமுத்தூர் போய்த் துளி சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும், நாளைக்கே போகலாம் என்றேன்.

"இப்பத்தான் பாக்கு வர ஆரம்பிச்சிருக்குது அம்மணி. சீசன் முடியட்டும், வாரேன்."

சீசன் முடிய மாதக்கணக்காகும்.

4

அண்ணன் எனக்கு அப்பா மாதிரி என்றெல்லாம் எழுதினால் அவரே சிரிப்பார். நான் மெடிக்கல் சீட்டுக்கு அலைந்தபோது, பொண்ணுக்கு எதுக்கு இத்தனை படிப்பு என்று கேட்டவர்களிடம், அவ படிக்கட்டும், நான் பாத்துக்கறேன் என்று சொன்னவர். அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது. அவரை இழக்க நான் தயாராக இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை காலை சுகாதார நிலையத்துக்குப் போகாமல் மண்டிக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

பாக்கு விற்க வந்தவர்களுக்குத்தான் சங்கடம். சீமையிலிருந்து வந்த டாக்டர் தங்கச்சி மூட்டை மேல் உட்கார்ந்திருக்க, அவள் எதிரில் எப்படி விலை பேசி இழுப்பது? ஒவ்வொருவரும் வந்து மரியாதைக்குக் கேட்டார்கள்.

"வாங்க அம்மணி. எப்பங்க வந்தீங்க? என்னங் இங்க வந்து உக்காந்திருக்கறீங்க?"

"அண்ணன் வாயைத் தொறக்கறதுக்காகக் காத்திருக்கறனுங்க. கோயமுத்தூருக்கு வரமாட்டேங்கறாரு."

"ஏனுங்க, என்னங் ஆச்சு?"

"அவரையே கேளுங்க. ஒண்ணுமில்லைம்பாரு."

கேட்டார்கள். கேட்காமல் போவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஒரு ஆள் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். மண்டிக்கு வருகிற அத்தனை பேரும், "உங்களுக்கு உடம்புக்கு என்னமோங்களாம்" என்று கேட்டால் மனிதர் எத்தனை பேருக்குத்தான் ஒண்ணுமில்லீங்க சொல்லுவார்? மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அதற்கும் மறுநாளும். அன்று ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மணிய இப்படி மூட்டை மேல உக்காரவெச்சுப்போட்டு நாம யாவாரம் பேசறது நல்லா இல்லீங்க. நான் நாளைக்கு வாரேன்" என்று பாக்கோடு திரும்பிவிட்டார்.

அண்ணன் கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தார். என்னைப் பார்க்காமலே செருப்பை மாட்டினார்.

"எந்திரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில், பழக்கத்தில் மடியிலிருந்து ஒரு பாக்குத் துண்டை எடுத்தார். நான் உள்ளங்கையை நீட்டினேன். அதை என் கையில் வைத்தார். ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். கோயமுத்தூர் காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

5

புற்றுநோய்தான். ஆனால் இப்போதுதான் வேர் விட ஆரம்பித்திருந்தது. கழுத்துக்கு இறங்கவில்லை. கன்னத்தின் உள்சதையை வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டலாம் என்றார் அறுவைச் சிகிச்சை மருத்துவர். சீசன் முடிந்து வந்திருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றும் சொன்னார். நங்கை அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

எனக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. காந்திபுரத்தில் ஒரு டெலிபோன் பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலாந்துக்குப் பேசினேன். லீவை நீட்டிக்கவேண்டும் என்றேன். கிடைத்தது. கூடவே, கேள்விகளை மாற்றவேண்டும் என்றேன். அது கிடைக்கவில்லை. கேள்வியை மாற்றினால் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தரவேண்டும். குழு பார்க்கவேண்டுமானால் நான் எழுதும் தமிழ்க் கேள்வியை என்னைத் தெரியாத ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பவேண்டும். வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டுகிற வரை வாதாடினேன்.

எழுதி அனுப்பினேன்: "உங்கள் வீட்டில் யாருக்காவது காரம் சேர்வதில்லை என்று குழம்பைத் தனியாக எடுத்து வைக்கிறீர்களா?" லண்டனில் அதை ஆங்கிலமாக்கியவர் எந்த ஊர்ப் பிள்ளையோ தெரியாது. குழுவுக்குப் போய்ச் சேர்ந்த அர்த்தம் இது: மசாலாப் பொருட்கள் ஒன்றுகூட மறுப்பதால் உங்கள் வீட்டில் யாராவது குழப்பத்தைத் தனியே ஒதுக்கி வைக்கிறார்களா? குழம்பு குழப்பமாகிவிட்டது. இது நோயாளிகளின் மனநிலை பற்றிய கேள்வியா என்று குழு கேட்டு எழுதியது.

அழுகை வரவேண்டிய இடம். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். அவருக்கு வாயைத் திறக்க முடியாது. தோள் குலுங்கச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்புக்காகவே இந்தக் குழுவை ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

விடவில்லை. விளக்கம் எழுதினேன், திருப்பி அனுப்பினார்கள், மறுபடி எழுதினேன். இங்கே வந்த பிறகும் குழுவின் முன்னால் போய் நின்றேன். அவர்களில் ஒருவர், சமையல் எப்படி ஒரு நோய் அறிகுறி ஆகும் என்று கேட்டார். உங்கள் வீட்டில் சமைப்பது யார் என்று நான் கேட்டேன். அடுத்த தபாலில் ஒப்புதல் வந்தது.

அதற்குப் பிறகு சுகாதார நிலையத்தில் கேள்வி வாய்க்குச் சொந்தக்காரரிடம் போகவில்லை, சமைக்கிறவரிடம் போனது. எண்ணிக்கையெல்லாம் இங்கே எழுதமாட்டேன், அதை எழுத வேறு இடம் இருக்கிறது. பெண்கள் வெட்கப்படாமல் பேசினார்கள் என்பது மட்டும் போதும். குழம்பைப் பற்றிக் கேட்டால் அவர்களிடம் 'ஒண்ணுமில்லீங்க' கிடையாது.

6

இங்கே என் வீட்டுக் குழம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மகள் நித்யா இங்கே பிறந்தவள். அவளுக்குக் காரம் ஆகாது. சின்னதிலிருந்தே மிளகாய்த்தூள் போடுமுன் அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்துவைப்பேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வீட்டுக்கு வருகிற நாளில் தாளிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். மாமாவோடு போனில் பேசச் சொன்னால் மட்டும் கஷ்டப்பட்டுத் தமிழ் பேசுவாள். "மாமா, உங்களை காரம் சேர்த்துக்குதா?" என்று ஒருமுறை கேட்டாள். மறுமுனையில் அண்ணன், "இன்னும் சேர்த்துக்கல கண்ணு, நாந்தான் கெஞ்சிட்டிருக்கறேன்" என்றார். எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

வேலை முடிந்து வந்து இரண்டு விதமாகச் சமைக்க எங்கே நேரம்? நாளடைவில் அவள் கிண்ணமே வீட்டுச் சட்டியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஊறுகாயை வைத்துச் சமாளிக்கிறார். நான் அதுகூட இல்லாமல் பழகிவிட்டேன். எப்போது பழகினேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

7

இந்தக் கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் நன்றாக இருக்கிறார். மண்டியில் இப்போது பாக்கை வெட்டிப் பார்த்து, மோந்து பார்த்தே தரம் சொல்லுகிறார். ஜனங்கள் அதையும் நம்புகிறார்கள். வாய் முழுதாகத் திறக்காது. காரம் இனி எப்போதும் சேராது. சின்னச் சட்டி அடுப்போரத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது.

நங்கை எனக்குச் சிவந்த குழம்பை ஊற்றினாள். முதல் வாய் சோற்றிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, தயிர் இருந்தால் ஊற்றுங்க நங்கை என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எப்பயிருந்துங்க அம்மணி காரம் சேர்றதில்லை?"

"அட, ஒண்ணுமில்லீங்க நங்கை. அங்க பாப்பாவுக்கு ஆக்கறதையே உண்டு உண்டு பழகிப்போச்சுங்க."

"எல்லாரும் இப்படித்தானுங்க சொல்றாங்க."

எழுந்து போய் டார்ச்சோடு வந்தாள். அண்ணன் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திறக்கிற மட்டும் வாயைத் திறந்து சிரித்தார்.

"வாயைத் தொறங்க."

"நான் டாக்டருங்க நங்கை..."

"ஆரா இருந்தா என்னங்? தொறங்க."

எத்தனையோ பேரைத் திறக்கச் சொன்ன நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லுவதற்கென்ன, சின்னதாக ஒரு பயம். உள்ளே எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், யாரும் பார்க்காத வரைக்கும்தான் அந்தத் தைரியம். மண்டியில் என் எதிரில் அண்ணன் எந்தப் பயத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அப்போது புரிந்தது.

திறந்தேன்.

நங்கை அவசரப்படவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் வாயைப் பார்க்க நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசைப்படியே பார்த்தாள். இடது கன்னம், வலது கன்னம், உதட்டைப் புரட்டி உள்பக்கம். நாக்கைத் தூக்கச் சொன்னாள். ஓரத்தைப் பார்க்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நீட்டச் சொன்னாள். அவள் விரலில் இன்னும் சோற்று வாசம் இருந்தது. பிறகு டார்ச்சை அணைத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் வாய்க்குள் பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.